பொத்தான் எந்த டிபார்ட்மென்ட்?

ஏ.டி.எம். வாசலில் ஒரு அரை மணி நேரம் நின்று பாருங்கள். பணம் எடுக்க வேண்டாம், சும்மா வேடிக்கை பார்த்தால் போதும். யாராவது ஒரு பெரியவர் வந்து, கார்டை முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் நீட்டி, 'தம்பி, கொஞ்சம் எடுத்துக் குடுப்பா' என்பார். கூடவே ரகசிய எண்ணையும் சொல்வார். அவரைத் திட்ட ஊரில் ஆளுக்கா பஞ்சம்? 'படிக்காத ஜனங்க, எத்தனை தடவை சொன்னாலும் கேக்கறதில்லை.' பேங்க் போர்டு வைக்கும், போலீஸ் நோட்டீஸ் ஒட்டும். அந்தத் திரையை வடிவமைத்தவர் யார், எந்தக் காலேஜில் என்ன படித்தார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்ப்போமே. அநேகமாக அவர் நாலு வருஷம் இன்ஜினீயரிங் படித்திருப்பார். கணக்கு, புரோகிராமிங், டேட்டாபேஸ் எல்லாம் அத்துப்படி. ஆனால் ஒரு மனுஷனின் மனசில் ஒரே நேரத்தில் எத்தனை விஷயம் நிற்கும்? அது சைக்காலஜி. அறுபது வயதுக் கண்ணுக்கு எந்த அளவு எழுத்து தெரியும்? அது டிசைன் வகுப்பு. எந்தத் தமிழ்ச் சொல்லைப் போட்டால் திருத்துறைப்பூண்டியிலும் தக்கலையிலும் ஒரே மாதிரி புரியும்? அது தமிழ்த்துறை. பின்னால் வரிசை நிற்கும்போது ஜனங்கள் ஏன் பதற்றப்படுகிறார்கள்? அது சமூகவியல். இதில் ஒன்றையும் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தருகிறவர்கள் எல்லாம் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார்கள். சில சமயம் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில்.

என் சண்டை அந்த இன்ஜினீயரோடு இல்லை, அந்தக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கிற சுவரோடு.

மனுஷனும் மெஷினும் பேசிக்கொள்கிற விதத்தை வடிவமைக்கிற கலைக்கு 'இன்டர்ஆக்‌ஷன் டிசைன்' என்று பெயர். பெயர் வந்த கதை சுவாரஸ்யமானது. பில் மாக்ரிட்ஜ் என்ற பிரிட்டிஷ்காரர், 1980-களின் தொடக்கத்தில் வந்த கிரிட் காம்பஸ் என்கிற மடிக்கணினிக்கு உடம்பு வடிவமைத்துக் கொடுத்தவர். மூடி, கீல் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போய் ஸ்விட்சைப் போட்டால், கொஞ்ச நேரத்தில் கீலும் மூடியும் மறந்தே போய்விட்டன. ஆள் திரைக்குள் போய்விட்டார். தான் இத்தனை நாள் வடிவமைத்தது வெறும் டப்பாவை, ஜனங்கள் பழகப் போவது உள்ளே இருப்பதோடு என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முதலில் அதற்கு 'சாஃப்ட்ஃபேஸ்' என்று ஏதோ பெயர் யோசித்து, பிறகு பில் வெர்ப்ளாங்க் என்கிற சகாவோடு சேர்ந்து இன்றைய பெயரை வைத்தார்.

'பெயரெல்லாம் சரி சார், பொத்தானை இங்கே வெச்சா என்ன, அங்கே வெச்சா என்ன?' என்று கேட்பீர்கள். கேளுங்கள், பதில் இருக்கிறது.

2000 நவம்பர், அமெரிக்க ஜனாதிபதி தேர்தல். ஃப்ளோரிடா மாநிலம், பாம் பீச் கவுன்டி. வயதானவர்கள் நிறைய இருக்கிற ஊர். அவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று வாக்குச்சீட்டில் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். நல்ல எண்ணம்தான். எழுத்து பெரிதானதும் பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி இரண்டு பக்கமும் பெயர்கள், நடுவில் குத்துகிற ஓட்டைகள். இடது பக்கத்தில் இரண்டாவது பெயர் அல் கோர். ஆனால் இரண்டாவது ஓட்டை அவருடையது இல்லை, வலது பக்கத்தில் முதலில் இருந்த பேட் புக்கனனுடையது. கோருக்கு மூன்றாவது ஓட்டை. அந்த ஒரு கவுன்டியில் மட்டும் புக்கனனுக்கு 3,407 ஓட்டு. அதில் பெரும்பாலானவை தனக்கு விழுந்ததாக இருக்காது என்று புக்கனனே ஒப்புக்கொண்டார். ஃப்ளோரிடாவில் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில். ஃப்ளோரிடாவோடு ஜனாதிபதி பதவியும் போனது.

இப்போது ஆறு மாதம் தள்ளி நம்ம ஊருக்கு வாருங்கள். 2001 மே, தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல். மாநிலம் முழுக்க மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். பெயர், பக்கத்தில் சின்னம், அதற்கு நேரே ஒரே ஒரு நீலப் பொத்தான். அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், நீளமாக ஒரு 'பீப்' கேட்கும். முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் உள்ளே போய் உதயசூரியனையோ இரட்டை இலையையோ தேடிப் பிடித்து அழுத்திவிட்டு வந்தார். யாரிடமும் 'தம்பி, கொஞ்சம் அழுத்திக் குடுப்பா' என்று கேட்கவில்லை.

அந்த இயந்திரத்தின் நம்பகத்தன்மை பற்றிய சண்டை தனி. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். நான் சொல்வது பொத்தானைப் பற்றி. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அந்த இயந்திரம் உருவாக முக்கியக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் ரங்கராஜன். உங்களுக்குத் தெரிந்த பெயர் சுஜாதா. வடிவமைப்பில் ஐ.ஐ.டி. மும்பையின் தொழில் வடிவமைப்பு மையத்து ஆசிரியர்களும் கை வைத்தார்கள். ஓட்டுச்சாவடி எப்படி இருக்கும், ஜனங்கள் எப்படி வருவார்கள் என்று தெரிந்த தேர்தல் கமிஷன் ஒரு பக்கம். எலெக்ட்ரானிக்ஸ், டிசைன், நிர்வாகம், நடுவில் கதை எழுதுகிற ஒரு இன்ஜினீயர். இந்தக் கூட்டணி அமைந்தது அதிர்ஷ்டம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சுஜாதா கிடைக்க மாட்டார், சார். அந்தக் கூட்டணியை அதிர்ஷ்டத்துக்கு விடாமல் வகுப்பிலேயே உருவாக்கத்தான் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது.

அப்படி ஒரு அதிர்ஷ்டம் அடிக்காத இடங்களில் என்ன நடக்கிறது? 2021-ல் கொரோனா தடுப்பூசிக்கு கோவின் என்று ஒரு தளம். மே மாதம் 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கு அதில் பதிவு செய்தால்தான் ஊசி என்றார்கள். அது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. ஜூன் மாதம் இந்தியும் வேறு பல மொழிகளும் சேர்ந்தன, தமிழைக் காணோம். இங்கிருந்து சத்தம் போட்ட பிறகுதான் வந்தது. அந்தச் சில வாரங்களில் யாருக்கு ஊசி கிடைத்தது? விரல் வேகமும் ஆங்கிலமும் நல்ல இன்டர்நெட்டும் உள்ளவர்களுக்கு. தள்ளுவண்டிக்காரருக்கும் வீட்டு வேலை செய்கிற அம்மாவுக்கும் யாராவது பதிவு செய்து கொடுத்தால் உண்டு. ரேஷன் கடை விரல்ரேகை மெஷின் முன்னால் நிற்கிற மூதாட்டியையும் கேளுங்கள். பாத்திரம் தேய்த்தே ரேகை தேய்ந்த விரல். மெஷின் மறுபடி மறுபடி 'இல்லை' என்கிறது. அந்த 'இல்லை'க்கு அப்புறம் அவர் என்ன செய்ய வேண்டும் என்று திரை சொல்கிறதா? அதை யோசிப்பது எந்த டிபார்ட்மென்ட்?

இதற்கு நம் கல்வித் தந்தைகளிடம் ஒரு ரெடிமேட் பதில் இருக்கிறது: புது டிகிரி ஆரம்பித்துவிடலாம்! கண்ணாடிக் கட்டடம், நீளமான பெயர், நீளமான ஃபீஸ். தயவுசெய்து வேண்டாம். இது எனக்குப் பிடிக்காத பதில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் ஆபத்தான பதிலும்கூட. இங்கே பட்டத்தின் பெயர் கொஞ்சம் மாறினாலும், அரசு வேலைக்குப் போகும்போது 'உன் டிகிரி இதுக்கு இணையா?' என்று கேட்பார்கள். இணைத்தன்மை அரசாணையைத் தேடி அலைகிற பட்டதாரிகளின் கதை உங்களுக்குத் தெரியும். புதுப் பெயர் வைக்கிறவர் ரிப்பன் வெட்டிவிட்டுப் போய்விடுவார். அலைவது உங்கள் பிள்ளை.

அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. இந்தப் படிப்புக்கு வேண்டிய பாடங்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். ஒரு மாணவி ஒரு வகுப்பிலிருந்து எழுந்து இன்னொரு வகுப்புக்குள் போக அனுமதி வேண்டும். அவ்வளவுதான்.

ஸ்டான்ஃபோர்டில் 1986-ல் 'சிம்பாலிக் சிஸ்டம்ஸ்' என்று ஒரு படிப்பு ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர், மொழியியல், தத்துவம், உளவியல் ஆகிய நாலு துறைப் பாடங்களைச் சேர்த்துக் கட்டியது. லிங்க்ட்இன் தொடங்கிய ரீட் ஹாஃப்மன், கூகுளின் முகப்பைப் பல வருஷம் காவல் காத்த மரிஸா மேயர், இன்ஸ்டாகிராமைச் சேர்ந்து உருவாக்கிய மைக் க்ரீகர், மூன்று பேரும் படித்தது அதைத்தான். 'தத்துவம் படிச்சா சோறு கிடைக்குமா?' என்று கேட்கிற மாமாக்களுக்கு இந்த மூன்று பெயரையும் எழுதிக் கொடுங்கள்.

பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். 1994-ல் மனித-கணினி உறவுக்கென்றே ஒரு நிறுவனம் ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர்காரர், உளவியல்காரர், டிசைன்காரர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ். அங்கே இளங்கலையில் பல வருஷங்கள் ஒரு விதி இருந்தது: இதை இரண்டாவது பாடமாக மட்டுமே எடுக்கலாம். முதலில் உனக்கென்று ஒரு துறை வேண்டும், அதில் ஆழம் வேண்டும், அதற்கு மேல் இது. முதுகலையில் கடைசியில் ஒரு பெரிய புராஜெக்ட். நிஜமான ஒரு நிறுவனத்தின் நிஜமான சிக்கலை, பல துறையிலிருந்து வந்தவர்கள் ஒரே டீமாக உட்கார்ந்து தீர்க்க வேண்டும். பக்கத்திலுள்ள பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் போய்ப் பாடம் எடுத்துவிட்டு வரவும் அங்கே வழி இருக்கிறது.

இப்போது சென்னை மேப்பை விரியுங்கள். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம், அங்கே உளவியல் துறை உண்டு. எழும்பூர்ப் பக்கம் 1850-ல் தொடங்கிய ஓவியக் கல்லூரி. கிண்டியில் பொறியியல். மூன்றும் ஒரே நகரம், ஒரு பஸ் பாஸ் தூரம். ஆனால் மூன்றும் மூன்று பல்கலைக்கழகத்தின் கீழே. கிண்டிப் பெண் எழும்பூர் போய் எழுத்து வடிவம் ஒரு செமஸ்டர் படித்து, அந்த மதிப்பெண்ணைத் தன் மார்க் ஷீட்டில் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வாட்ச்மேன் முதல் பதிவாளர் வரை சிரிப்பார்கள். ஓவியக் கல்லூரிப் பையனுக்கு புரோகிராமிங் ஆசை வந்தால்? அதே சிரிப்பு.

'அநியாயமா பேசாதீங்க, எலெக்டிவ் இருக்கே' என்று ஒரு பேராசிரியர் இந்நேரம் பேனாவை எடுத்திருப்பார். இருக்கிறது, ஐயா. கலைக் கல்லூரிகளில் 'நான் மேஜர் எலெக்டிவ்' இருக்கிறது. அதை மாணவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? பல இடங்களில் அவர்கள் தேர்ந்தெடுப்பதே இல்லை. டைம் டேபிளில் எது இடிக்காதோ, எந்த வாத்தியாருக்கு வேலை நேரம் குறைகிறதோ, அது மொத்த வகுப்புக்கும் ஒதுக்கப்படுகிறது. விருப்பப் பாடம் என்று பெயர், விருப்பம் ஆபீஸுடையது. இன்ஜினீயரிங் பாடத்திட்டத்தில் 'யு.ஐ., யு.எக்ஸ். டிசைன்' என்று ஒரு தாள்கூட இருக்கிறது. சந்தோஷம். ஆனால் அதை எடுப்பதும் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட், படிப்பதும் கம்ப்யூட்டர் மாணவன், திருத்துவதும் கம்ப்யூட்டர் பேராசிரியர். நீச்சலைக் கரும்பலகையில் கற்றுத் தருகிற கதை.

2015-லேயே யு.ஜி.சி. 'விருப்ப அடிப்படை கிரெடிட் முறை' கொண்டுவந்தது. 2021-ல் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்க ஒரு 'பேங்க்' வேறு. புதிய கல்விக் கொள்கை மேல் நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம், இருக்கட்டும். ஆனால் துறை விட்டுத் துறை போய்ப் படிக்கிற உரிமைக்கு டெல்லி அனுமதி எதற்கு? நம் பல்கலைக்கழகங்களின் கல்விக் குழுக்கள் ஒரு கூட்டத்தில் தீர்மானம் போட்டால் முடிகிற விஷயம். செய்யாததற்குக் காரணம் சட்டம் இல்லை. 'என் டிபார்ட்மென்ட் ஸ்டூடன்ட் அவன் டிபார்ட்மென்ட்டில் போய் உட்கார்ந்தால் என் கவுரவம் என்ன ஆவது?' என்கிற சின்ன மனசு.

இன்னொரு வாதம் வரும்: 'எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் படிச்சா எதிலும் உருப்படாம போயிடுவான்.' இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. கதம்பமாக எதையாவது எடுத்துத் தின்றால் அஜீரணம்தான். அதனால்தான் கார்னகி மெலனின் அந்த விதி எனக்குப் பிடிக்கிறது: ஒன்றில் ஆழம், மற்றதில் அறிமுகம். ஆனால் இரண்டு துறை படித்தவன் உருப்பட மாட்டான் என்பவர்கள் டொனால்டு நார்மனைப் பார்க்கட்டும். எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் பட்டம், பிறகு உளவியலில் டாக்டர் பட்டம்.

1979 மார்ச் 28, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் ஒரு வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்திருந்தது. அணைந்தால் மூடிவிட்டது என்று ஊழியர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த விளக்கு சொன்னது, 'மூடு என்று கட்டளை போய்விட்டது' என்பதை மட்டும். மூடியதா இல்லையா என்று அதற்கே தெரியாது. உலையின் உட்கரு பாதி உருகியது. 'ஊழியர்கள் தப்பு செய்தார்கள்' என்று முடித்திருப்பார்கள். ஆராயப் போனவர்களில் நார்மனும் ஒருவர். அந்த அறையைப் பார்த்தவர் கண்டது வேறு: தப்பு செய்யச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி அறையைக் கட்டிவிட்டு ஆளைக் குறை சொல்கிறார்கள். வெறும் இன்ஜினீயருக்கு விளக்கு சரியாக வேலை செய்கிறது. வெறும் உளவியல்காரருக்கு வால்வு என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டும் தெரிந்தவருக்குத்தான் தப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

தமிழிலேயே ஒரு உதாரணம் சொல்கிறேன். 1999-ல் தமிழ்நாடு அரசு அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. 'அம்மா' என்று அடிக்க நடுவில் புள்ளி வைக்கத் தேவையில்லை. ஒரே எழுத்தை அடுத்தடுத்து இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ஒற்று எங்கே இரட்டிக்கும் என்று தமிழ் இலக்கணம் தெரிந்தவரும், விரல் எப்படி ஓடும் என்று தெரிந்தவரும், நிரல் எழுதத் தெரிந்தவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் விளைகிற காரியம் இது. தமிழ்த்துறை மாணவனுக்குக் கம்ப்யூட்டர் கட்டடத்தில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள், அடுத்த தடவை தமிழில் டைப் செய்யும்போது யோசிக்கட்டும்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா? கொஞ்சம்தான். பட்டத்தின் பெயர் அப்படியே இருக்கட்டும். பி.ஈ.க்காரி பி.ஈ.க்காரியாக, பி.ஏ. தமிழ்க்காரன் பி.ஏ. தமிழ்க்காரனாகவே வெளியே வரட்டும். நாலைந்து பாடத்தை மட்டும் பிற துறை வகுப்பிலேயே, பிற துறை மாணவர்களோடு உட்கார்ந்து எடுக்க விடுங்கள்: புலனறிவும் நினைவாற்றலும் பற்றி ஒன்று, எழுத்து வடிவமும் வரைதலும் ஒன்று, மொழியியல் ஒன்று, ஜனங்களைக் கவனித்துக் குறிப்பெடுக்கிற களப்பணி ஒன்று, கொஞ்சம் புரோகிராமிங். எதை எடுப்பது என்று வழி சொல்ல ஒரு ஆசிரியர். மார்க் ஷீட்டில் அதைக் குறிக்க ஒரு வரி. கடைசி செமஸ்டரில் நாலு துறை மாணவர்களுக்கும் சேர்த்து ஒரே புராஜெக்ட்: ஒரு ரேஷன் கடையோ, மின்வாரிய கவுன்ட்டரோ, அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு வரிசையோ. அங்கே போய் ஒரு மாதம் நின்று, பார்த்து, சரி செய்து காட்டு. செமினார் ஹாலில் பவர்பாயின்ட் காட்டினால் மார்க் கிடையாது. அந்த வரிசையில் நிற்கிற அம்மா யார் உதவியும் இல்லாமல் வேலையை முடித்தால்தான் மார்க்.

இதற்குக் கோடிகள் வேண்டாம், டைம் டேபிளைத் திருத்தினால் போதும். இது நடக்காததால் என்ன ஆகிறது தெரியுமா? அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம், மும்பை ஐ.ஐ.டி. மாதிரி இடங்களில் நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே போகிற கொஞ்சம் பேர் தப்பிக்கிறார்கள். மற்ற பிள்ளைகள், படிப்பு முடித்த பிறகு, தெருவுக்குத் தெரு முளைக்கிற மூன்று மாத கோர்ஸ்களில் மறுபடி பணம் கட்டுகிறார்கள். அப்பாவின் பி.எஃப். கரைகிறது. அங்கே கற்றுக்கொள்வது பெரும்பாலும் அழகான ஆப் படம் வரைய. வரிசையில் நிற்கிற அம்மா அந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

கவுன்சலிங் சீசன் வந்தால் நீங்கள் காலேஜ் காலேஜாக ஏறி இறங்குவீர்கள். பிளேஸ்மென்ட் எத்தனை, ஹாஸ்டல் ஏ.சி.யா, பஸ் நம்ம ஏரியாவுக்கு வருமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். கூடவே இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'என் பொண்ணு வேற டிபார்ட்மென்ட்டுக்குப் போய் ஒரு பேப்பர் படிச்சுட்டு வர முடியுமா?' அட்மிஷன் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் முழிப்பார். முழிக்கட்டும். நூறு அப்பா அம்மாக்கள் அதே கேள்வியைக் கேட்டால், அடுத்த வருஷம் பதிலைத் தயார் செய்து வைத்திருப்பார். ஃபீஸ் கட்டுகிறவர் கேட்டால் திறக்காத கதவு நம்ம ஊர் காலேஜில் எதுவும் இல்லை.